சாய்கோட்டில் காணாமல் போன இருநூற்று ஆறு புத்தகங்கள்

“இந்தப் புத்தகத்தை நீங்கள் எடுக்கவே இல்லை” என்றார் நூலக முகப்பு ஊழியர் காக் ஆனி, மலாயில், திரையைப் பார்த்தபடி.

முகப்பில் நின்ற செண்பகம் அக்கா தம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். தடித்த ஆங்கில நாவல். குளிர் நாட்டுக் கடற்கரையில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. மழைக்காக அதை மீன் கடைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

“எடுக்காமலா திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்?”

“திரை அப்படித்தான் காட்டுகிறது.”

“அப்படியென்றால் திருடினேன் என்கிறதா உங்கள் திரை? எந்தத் திருடி பேருந்து ஏறி வந்து பொருளைத் திருப்பிக் கொடுப்பாள்?”

இதையும் மலாயில்தான் கேட்டார். கோபம் மட்டும் தமிழ். பின்னால் மேசையில் பன் தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்ததும் மொழியையும் மாற்றிக்கொண்டார்.

“தங்கச்சி, நீதான கம்ப்யூட்டர் ஆளு? வந்து பாரு. பதிமூணு வருசமா வர்றேன் இந்த லைப்ரரிக்கு. இன்னிக்கு என்ன திருடியாக்கிட்டாங்க.”

பன்னை வைத்துவிட்டு எழுந்தேன். சுவரின் புதுச் சாய வாசனையும், பையிலிருந்து வந்த இறால் வாசனையும் சேர்ந்து வந்தன. அது ஒரு புதன்கிழமை. நூலகம் இரண்டு மாதம் மூடியிருந்து திறந்த வாரம்.

“திங்கள்கிழமையிலிருந்து இவர் மூன்றாவது ஆள்” என்றார் காக் ஆனி மெதுவாக. “மற்ற இருவரும் சண்டை போடவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.”

மூன்று வேலைகள்

சென்ற வாரம் இந்தத் தொடரில், நான் டிப்ளோமா முடித்த கதையை எழுதினேன். அதற்குப் பிறகு கிடைத்த முதல் வேலை இது. ஓராண்டு ஒப்பந்தம். கோல சிலாங்கூருக்கும் உள்ளே இருக்கும் தோட்டங்களுக்கும் இடையில் ஒரு சிறு பட்டணத்து நூலகம். பெயர் வேண்டாம். இங்கே சொல்லப்போகும் தவறு நூலகத்துடையது அல்ல, என்னுடையது.

கூரை ஒழுகியதால் நூலகத்தை மூடினார்கள். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு மூன்று வேலைகள் தரப்பட்டன. ஒன்று, பழைய கணினியில் இருந்த இரவல் கணக்கைப் புதிய கணினிக்கு மாற்றுவது. இரண்டு, ஆங்கிலப் பகுதியில் ஐந்தாண்டுகளாக ஒருவரும் எடுக்காத நூல்களைப் பட்டியல் போடுவது. மூன்று, அவற்றின் முதுகில் சிவப்பு வட்டம் ஒட்டி, பின்கட்டு அறையில் பெட்டிகளில் அடுக்குவது.

பழைய காகிதம் வாங்கும் நிறுவனத்தின் லோரி வரும். சிவப்பு ஒட்டியதை ஏற்றிக்கொண்டு போய் அரைத்துவிடும். ஆங்கிலப் பகுதியின் பாதி அலமாரியைக் காலி செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

பட்டியல் இருநூற்றுப் பதினேழு வரி வந்தது. நாவலும் நாவல் அல்லாததும் கலந்து. நூலகக் குழு கூடிக் கையெழுத்துப் போட்டது. லோரிக்கு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

நான் திருப்தியாக இருந்தேன். பட்டியல் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். வரி நேராக நிற்கும், எண் ஒத்துப்போகும், கேள்வி கேட்காது.

கதை புக்கு, பாட புக்கு

கொஞ்சம் பின்னால் போகிறேன். இதே நூலகத்துக்கு ஏழு வயதில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறேன். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். புத்தகம் எடுத்து வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்.

“கதை புக்கா, பாட புக்கா?”

அப்பாவின் கணக்கில் சமையல் குறிப்பு பாட புக்கு. போர் வரலாறு பாட புக்கு. மீன் தொட்டி பராமரிப்பு பாட புக்கு. நாவல் மட்டும் கதை புக்கு. கதை புக்குக்கு அனுமதி உண்டு, ஒரு பாட புக்கோடு சேர்த்து எடுத்தால்.

அலமாரியில் மலாயில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் ‘ஃபிக்‌ஷென்’. மற்றதில் ‘புக்கான் ஃபிக்‌ஷென்’. புக்கான் என்றால் ‘அல்லாத’ என்று பொருள். எனக்கு அப்போது மலாய் சரியாக வராது. புக்கான் என்பது புக்குதான், நிறைய இருந்தால் அப்படிச் சொல்வார்கள் போலும் என்று நினைத்திருந்தேன். அதனால் அந்தப் பலகையின் கீழ் இருப்பவை மட்டுமே உண்மையான புத்தகங்கள் என்று ஒரு வருடம் நம்பினேன். அப்பாவின் கருத்தும் அதுவே என்பதால் சந்தேகம் வரவில்லை.

ஆங்கிலப் பகுதி கடைசியில், கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தது. குளிரூட்டி அங்கேதான் சொட்டும். கீழே ஒரு சிவப்பு வாளி. சொட்டுச் சத்தத்தோடு சேர்த்துத்தான் ஆங்கிலம் படிக்கக் கற்றேன். தமிழ்ப்பள்ளியில் வாரத்துக்குச் சில பாட வேளை, வீட்டில் தமிழ், கடையில் மலாய். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் ஆங்கிலம் அந்த வாளிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வளர்ந்த பிறகு அந்த அலமாரிக்கு நானே சிவப்பு வட்டம் ஒட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பட்டியல் சரியாக இருந்தது.

பி முனியாண்டி

செண்பகம் அக்காவின் அட்டையைப் புதிய கணினியில் தட்டினேன். உறுப்பினர், உண்மை. முகவரி, பாசிர் பெனம்பாங், உண்மை. இரவல் கணக்கு, பூஜ்ஜியம்.

“ஒரு புக்கு கூடவா எடுக்கல நானு?”

“ஒண்ணு கூட இல்லேக்கா.”

“வாரா வாரம் ரெண்டு புக்கு. கணக்கு போடு, நீ படிச்சவதான.”

கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஏதோ விழுந்திருக்கிறது. பழைய கோப்பை மாற்றியபோது நிரல் ஏற்காமல் தள்ளிய வரிகள் ஒரு தனிக் கோப்பில் இருந்தன. அவற்றை அழுக்கு என்று நினைத்துத் திறக்காமல் விட்டிருந்தேன். அக்கா நிற்கும்போதே திறந்தேன்.

பழைய கணினி ஒவ்வொரு இரவலையும் ஒரே வரியில் வைத்திருந்தது. தேதி, ஒரு சாய்கோடு, பெயர், ஒரு சாய்கோடு, புத்தக எண். சாய்கோடு கண்ட இடத்தில் வெட்டு என்று என் நிரலுக்குச் சொல்லியிருந்தேன். அது சொன்னதைச் செய்தது.

எங்கள் அடையாள அட்டைகளில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஏ/பி என்று இருக்கும். இன்னாரின் மகள். ஆண்களுக்கு ஏ/எல். நடுவில் ஒரு சாய்கோடு. மலாய்க்காரர்களின் பெயரில் ‘பின்’ அல்லது ‘பிந்தி’. சாய்கோடு இல்லை. சீனர்களின் பெயரில் ஒன்றுமே இல்லை.

தள்ளிய வரிகளில் என் வரியும் இருந்தது. பள்ளி நாளில் எடுத்த ஏதோ ஒரு புத்தகம். தமயந்தி ஏ என்று பெயர் முடிந்துவிட்டது. புத்தக எண் இருக்க வேண்டிய கட்டத்தில், பி முனியாண்டி. என் அப்பா. கணினி முனியாண்டி என்ற எண்ணுள்ள புத்தகத்தைத் தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை. வரியைத் தூக்கி எறிந்துவிட்டது.

இருபத்து நான்கு வருடம் அந்தச் சாய்கோட்டைப் பெயரில் வைத்திருந்தவள் நான். வேறு யார் அந்த நிரலை எழுதியிருந்தாலும் அறியாமை என்று சொல்லலாம்.

ஆக, வேறு இனத்தவர் ஒருவராவது எடுத்திருந்த புத்தகம் எண்ணிக்கையோடு தப்பியிருந்தது. எங்கள் ஆட்கள் மட்டுமே எடுத்த புத்தகம், யாரும் எடுக்காத புத்தகமாகிவிட்டது.

“அப்ப நான் திருடி இல்ல” என்றார் அக்கா, நான் விளக்கி முடித்ததும்.

“இல்லேக்கா.”

“சரி. பின்னாடி ரூம்புல அடுக்கி வச்சிருக்கியே, அது?”

அவர் கதவு வழியாக ஏற்கெனவே பார்த்திருந்தார். 

“அத ஏத்திட்டாங்கன்னா நான் எங்க போறது? புக்கெடுக்க ஷா ஆலாம் வரைக்கும் பஸ் ஏறணுமா? இறால் கொட்டாய்ல மத்தியானம்தான் விடுவான். போய்ச் சேந்தா கதவு சாத்தியிருக்கும் லா.”

யார் என்ன படித்தார்கள்

நிரலில் திருத்தம் நான்கு எழுத்து. மறுபடி ஓட்டினேன். இருநூற்றுப் பதினேழில் இருநூற்று ஆறு நூல்களுக்கு உயிர் வந்தது.

வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கணக்கை வாசித்தேன். எங்கள் பக்கத்து மக்கள் இங்கே என்ன படித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இருக்காது.

தாதியர் தேர்வுக் கையேடு, பதினாறு பெண்கள், பெரும்பாலும் ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில். ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்த்தல். உயில் எழுதுவது எப்படி என்ற மெல்லிய புத்தகத்தை ஒரே தகப்பன் பெயருள்ள நால்வர் அடுத்தடுத்த வாரங்களில் எடுத்திருந்தார்கள். சிறுநீரக நோயாளிக்கான சமையலை ஒருவர் இருபத்து மூன்று முறை, பிறகு எடுக்கவில்லை. விமான விபத்து விசாரணை பற்றி ஒரு பெரிய நூல்; அதை சுங்கை சோ பக்கத்து முகவரிக்காரர் ஒருவர் ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் எடுத்திருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியாது.

நாவல்களில் கொலைக் கதைகள் முன்னணியில் இருந்தன. ஒன்றின் பன்னிரண்டாம் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: ‘டாக்டர்தான் கொன்னான். மேல படிக்காதே.’ அதற்கு அப்புறமும் ஒன்பது பேர் எடுத்திருந்தார்கள்.

“இது நீங்களாக்கா?”

“ச்சே. எனக்கும் அவன்தான் கெடுத்து வுட்டான்” என்றார் செண்பகம் அக்கா. “ஆனா டாக்டர் இல்ல தெரியுமா? டாக்டரோட தம்பி. எழுதுனவனுக்கு இங்கிலீசு சரியா வெளங்கல.”

சிஸ்டம் என்ற சொல்

வியாழன் காலை நூலகத் தலைவர் புவான் (திருமதி) ரோஹானாவிடம் இரண்டு பட்டியலையும் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மலாயில் பேசினோம்.

“சிஸ்டம் கோளாறு” என்றார்.

“இல்லை, புவான். நான் எழுதிய நிரல்.”

“சிஸ்டம் என்று எழுது, தமயந்தி. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். யாருக்கும் சேதம் இல்லை.”

“எழுதினால் நாளை லோரி நிற்குமா?”

அவர் யோசித்தார். நேர்மையான பெண்மணி. சிஸ்டம் கோளாறு என்றால் அறிக்கை மேலிடத்துக்குப் போகும். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். அதற்குள் புத்தகம் கூழாகியிருக்கும். குழு ஒப்புக்கொண்ட பட்டியலை அவராலும் ரத்து செய்ய முடியாது.

“ஒரு வழி இருக்கிறது” என்றார். “பட்டியலைத் தயாரித்தவர், பொருளை ஒப்படைக்கும் வரைக்கும் தம் தவறைத் தாமே திருத்தலாம். கையெழுத்தான அதே தாளில். கையால். ஒவ்வொரு வரியிலும் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். மொத்தமாக ஒரே கோடு போட்டால் செல்லாது.”

“காரணம் என்னவென்று எழுதுவது?”

“தயாரித்தவரின் தவறு என்றால்தான் தயாரித்தவர் திருத்தலாம்.”

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இந்தத் தாள்கள் உன் கோப்பில் சேரும். இரண்டு மாதத்தில் உன் ஒப்பந்தம் முடிகிறது. நான் சொல்லவில்லை என்று பிறகு நினைக்காதே.”

ஹேர் டிரையர்

வழிமுறை இப்படி அமைந்தது. ஒருவர் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து எண்ணை வாசிக்க வேண்டும். நான் தாளில் அந்த வரியைக் கண்டுபிடித்து, கோடு போட்டு, ‘கெசிலாப்பான் சாயா’, அதாவது என் தவறு, என்று எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இன்னொருவர் சிவப்பு வட்டத்தை உரிக்க வேண்டும். லோரிக்காரர் பட்டியலைப் படிக்க மாட்டார். வட்டத்தைத்தான் பார்ப்பார்.

வட்டம் நல்ல பசை. நான் தேர்ந்தெடுத்தது. நகத்தால் உரித்தால் அட்டையோடு வந்தது. காக் ஆனி வீட்டுக்குப் போய் ஹேர் டிரையர் கொண்டு வந்தார். சூடு காட்டினால் வட்டம் நழுவியது. அறை முழுக்கச் சூடான பசை நாற்றம்.

வியாழன் மதியம் செண்பகம் அக்கா இறால் கொட்டகையிலிருந்து நேராக வந்தார். விரல்களில் மூன்று பிளாஸ்டர். எண் வாசிக்கும் வேலை அவருக்கு. வாசித்தால் பரவாயில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு விமர்சனம் சொன்னார்.

“இது நல்ல புக்கு. இவ கடைசில வீட்ட வித்துருவா.”

“எண்ண மட்டும் சொல்லுங்கக்கா.”

“சொல்றேன் சொல்றேன். இது மூஞ்சியில அடிச்ச மாதிரி முடியும்.”

“அக்கா.”

“இந்தப் பெண்ணுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தால்தான் சோறே இறங்கும் போலிருக்கிறது” என்று காக் ஆனியிடம் மலாயில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குக் காவலர் கதவைப் பூட்டிவிட்டார். அப்போது தொண்ணூற்றெட்டு வரி.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மறுபடி தொடங்கினோம். அக்கா அன்று கொட்டகைக்கு விடுப்பு சொல்லியிருந்தார். பதினொன்றரைக்கு லோரி பின்வாசலில் வந்து நின்றது. நூற்று அறுபத்து மூன்று வரி ஆகியிருந்தது.

லோரி ஓட்டுநர் பாக் சமாட் அறையை எட்டிப் பார்த்தார். கையில் ஹேர் டிரையரோடு காக் ஆனி. தரையில் சிவப்பு வட்டங்கள். நான் எழுந்து, இன்னும் ஒப்படைக்கவில்லை, திருத்தம் நடக்கிறது என்றேன்.

“திருத்தம் முடிந்ததா?”

“இல்லை.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போகாமல் லோரியில் பாரம் ஏற்றினால் என் மனைவி என்னைத்தான் அரைத்துவிடுவாள். மூன்று மணிக்கு வருகிறேன்.”

படியிறங்கியவர் திரும்பினார்.

“தொழுத பிறகு சாப்பிடுவேன். மெதுவாகத்தான் சாப்பிடுவேன்.”

பதினொன்று

இரண்டே முக்காலுக்கு இருநூற்று ஆறாவது வரியில் சுருக்கொப்பம் வைத்தேன். கை மரத்திருந்தது. கடைசிப் பக்கங்களில் ‘சாயா’ என்ற சொல் ஒரு நெளிகோடாகிவிட்டது.

பெட்டியில் பதினொன்று மிச்சம் இருந்தது. அவற்றுக்குப் புதிய கணக்கிலும் பூஜ்ஜியம்தான்.

செண்பகம் அக்கா அதையும் வெளியே எடுக்கத் தொடங்கினார்.

“அது இருக்கட்டும்க்கா. அது போகணும்.”

“ஏன்?”

“அத நெசமாவே யாரும் எடுக்கல.”

“இருநூறு எழுதிட்ட. இன்னும் பதினொண்ணு எழுதினா கை ஒடிஞ்சிருமா என்னா? யாரு வந்து பாக்கப் போறா?”

“தப்பு பண்ணதுக்குத்தான் தப்புன்னு எழுதினேன். இது தப்பு இல்லயே.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பதினொன்றையும் மடிமேல் அடுக்கிக்கொண்டார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் படித்தார்.

“இது எந்த நாட்டு வருமான வரியோ. போகட்டும்.”

“இவன் பேசறான், பேசறான், கதைக்கே வரல. போகட்டும்.”

ஒன்று நான் பிறப்பதற்கு முந்திய கணினிக்கான வழிகாட்டி. அதை நானே வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

பத்து ஆயிற்று. கடைசிப் புத்தகம் ஒரு நாவல். பழுப்பு அட்டை, படமில்லை. அதில் முதல் பக்கத்தோடு அக்கா நிறுத்தவில்லை. இரண்டாவதைப் புரட்டினார். மூன்றாவதையும். உதடு அசையாமல் படிப்பவர் அவர். காக் ஆனி ஹேர் டிரையரை நிறுத்தினார். வெளியே லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“நல்லாருக்காக்கா?”

“நல்லாருக்கு.”

நான் பேனாவைத் தொடவில்லை. எழுதிவிடலாமா என்று தோன்றியது உண்மை. அக்காவும் கேட்கவில்லை.

“இது எந்த ரேக்குல இருந்திச்சி?”

“ஜன்னல் பக்கம். மேலேர்ந்து ரெண்டாவது.”

“அங்கதான் நானு நிப்பேன். பதிமூணு வருசம். கண்ணுக்கு நேரா இருந்திருக்கு. கையில எடுக்கலியே.”

மூடினார். அட்டையை ஒருமுறை துடைத்தார். மற்ற பத்தோடு பெட்டியில் வைத்து, நாடா ஒட்டுவதற்காக மூடியைத் தாமே பிடித்துக்கொண்டார்.

பாக் சமாட் ஒற்றைப் பெட்டியைப் பார்த்தார், லோரியின் நீளத்தைப் பார்த்தார். அதை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கடிதத்தில் காரணம் எழுதியிருக்கவில்லை. இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் எடை இயந்திரங்களைச் சரிபார்க்கிறேன்.

ஒப்பந்த நீட்டிப்புக்கான நேர்காணலில் நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி என் கோப்பைத் திறந்தார். திருத்திய தாள்கள் அதில் இருந்தன. முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், கடைசி வரை புரட்டிக்கொண்டே போனார்.

“ஓராண்டில் இத்தனை தவறுகளா?” என்று கேட்டார்.

“ஒன்றுதான் செய்தேன்” என்றேன். “இருநூற்று ஆறு முறை எழுதியிருக்கிறேன்.”